செத்த காலேஜ்

சென்னைப் பட்டினத்திலே முன்னாளில் இரு கல்லூரிகள் இருந்தன. பட்டம் தராத கல்லூரிகள். எழுத்தறியாதாரையும் வாவென்று அழைத்த கல்லூரிகள். ஒன்று உயிர்க் காலேஜ், மற்றொன்று செத்த காலேஜ். மூர் மார்க்கெட்டை அடுத்திருந்த விலங்குக் காட்சிச்சாலையை உயிர்க் காலேஜ் என்றனர் மக்கள். 1985இல் அது வண்டலூருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. செத்த காலேஜ், எழும்பூர் அருங்காட்சியகம். பாடம் செய்த பறவையும், புட்டியில் அடைபட்ட பாம்பும், எலும்புக்கூடாய் நிற்கும் திமிங்கிலமும் உள்ள இடத்துக்கு ஏழை எளியோர் இட்ட பெயர் அது.

காலேஜ் என்ற பெயரில் கேலி ஏதுமில்லை. 1851இல் தொடங்கப்பட்டபோது அருங்காட்சியகம் நுங்கம்பாக்கத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்திலேதான் இருந்தது. 1854இல் எழும்பூருக்கு மாறிற்று. மறு ஆண்டே அதன் பொறுப்பாளர் மருத்துவர் பால்ஃபோர், அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் சேர்த்தார். ஆக, உயிரும் செத்ததும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தப் பழைய கல்லூரி மனையிலேதான் இன்று பள்ளிக்கல்வித் துறையின் தலைமை அலுவலகங்கள் இருக்கின்றன. காட்சிச்சாலை பிறந்த மண்ணிலிருந்து பள்ளிகளுக்கு ஆணை பறக்கிறது! பள்ளிக்கும் காட்சிச்சாலைக்கும் உறவுதான் அறுந்து கிடக்கிறது.

அறுத்தவர் யார்? பிறரைச் சாடுமுன் நம் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

நாம் தமிழிலக்கியம் பயின்று பட்டம் பெற்று, திண்டிவனத்தை அடுத்த சிற்றூர்ப் பள்ளியில் பணியேற்றவர். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், எட்டாம் வகுப்பு மாணாக்கர் நாற்பத்திருவரை எழும்பூருக்கு அழைத்துச் சென்றோம். பலருக்கு அதுவே முதல் இரயில் பயணம். கையில் ஊதல், பையில் பெயர்ப் பட்டியல், நெஞ்சில் ஒரே அச்சம்: எவனாவது தொலைந்துவிட்டால்? அந்த அச்சத்துக்கு அடிமையாகி, பிள்ளைகளை ஆட்டு மந்தைபோல் ஓட்டினோம். ‘வரிசை! வரிசை!’ என்பதைத் தவிர வேறு பாடம் நாம் நடத்தவில்லை.

திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டருகே வரிசை நின்றது. ஒருவன் நகர மறுத்தான். ஆடு மேய்ப்பவரின் மகன். வகுப்பில் வாய் திறவாதவன். துடுப்பைச் சுட்டி, ‘‘சார், மீனுக்கு ஏது சார் வெரலு?’’ என்றான்.

பார்த்தோம். உண்மைதான்! துடுப்பு என்று நாம் நினைத்தது, கணுக்கணுவாய் நீண்ட விரல்கள் கொண்ட கை. ஏன் என்று நமக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லலாம் அல்லவா? சொல்லவில்லை. ‘‘கேள்வி கேட்கும் நேரமா இது? நட!’’ என்றோம். நடந்தான். மாலை இரயிலேறும்வரை அவன் வேறெதுவும் கேட்கவில்லை.

செத்த காலேஜில் அன்று புதிதாய் ஒன்று செத்தது.

அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அடுத்த திங்களில், ஒரு சனிக்கிழமை தனியே போனோம். (வெள்ளிக்கிழமை அங்கு விடுமுறை என்பதை, ஒருமுறை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய பிறகே அறிந்தோம்.) கூடத்திலிருந்த ஒருவர் பொறுமையாய் விளக்கினார், மீதியை நூலகத்தில் தேடினோம். திமிங்கிலம் மீனே அன்று. குட்டி ஈன்று பால் கொடுப்பது, காற்றை மூச்சிழுப்பது. அதன் முன்னோர் நாற்காலால் நிலத்தில் நடந்தன. நடந்த இடம் எது? ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய பாகிஸ்தானும் வட இந்தியாவும் உள்ள பகுதி! காசுமீரத்துக் கலாகோட்டில் இந்திய நிலவியலறிஞர் ரங்கராவ் திரட்டிய கற்களிலிருந்து, பூனையினும் சற்றே பெரிய விலங்கொன்றின் எலும்புகள் கிட்டின. இந்தோஹையஸ் என்று பெயர். அதன் செவியெலும்பு திமிங்கிலத்தின் செவியெலும்பை ஒத்திருப்பதை 2007இல் ஆய்வாளர் எடுத்துக் காட்டினர். திமிங்கிலக் குலத்துக்கு மிக நெருங்கிய உறவு என்றனர். இத்துணையும் அந்த ஒரு விரலுக்குள் இருந்திருக்கிறது. நாம் ஊதலை ஊதிக்கொண்டிருந்தோம்.

மாணாக்கரைக் காட்சிச்சாலைக்கு அழைக்குமுன் ஆசிரியரை அழைக்க வேண்டும் என்று அன்றே எண்ணினோம். இது புதுமையன்று. நியூயார்க் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையில் பிக்மோர் என்பார், 1880களிலேயே பள்ளி ஆசிரியர்க்குப் படங்காட்டிச் சொற்பொழிவாற்றினார். சிகாகோவில் ஹாரிஸ் என்ற வங்கியாளர் 1911இல் 2,50,000 டாலர் ஈந்தார். அதைக்கொண்டு பறவையும் பூச்சியும் கனியும் கல்லும் கண்ணாடிப் பெட்டிகளில் அமைந்து, பள்ளிதோறும் வண்டியேறிச் சென்றன. ஒரு பள்ளியில் சில நாள்; பிறகு மறு பள்ளிக்கு. பிள்ளைகள் காட்சிச்சாலைக்குப் போகாவிடினும், காட்சிச்சாலை பிள்ளைகளிடம் வந்தது! செல்வ நாடு, செய்கிறது என்பீர்கள். 1978இல் தில்லியில் தொடங்கிய தேசிய இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையிலும் பிள்ளைகள் தொட்டறிய ஓர் அறை இருந்தது. ஆசிரியர்க்குப் பயிலரங்குகள் நடந்தன. 2016 ஏப்ரல் 26இல் தீ அதை விழுங்கியது. மைசூரிலுள்ள அதன் கிளை நிற்கிறது. திண்டிவனத்திலிருந்து மைசூருக்கு நாற்பத்திரண்டு பேரை அழைத்துப் போக எந்தப் பெற்றோரிடம் காசு கேட்பது?

ஆகவே பெட்டி செய்தோம். தேநீர்க் கடையில் கிடைத்த பலகைப் பெட்டி, எடுத்துவருவோர் பிள்ளைகள். முதல் வாரம் பாம்புச்சட்டை, மயிலிறகு, தூக்கணாங்குருவிக் கூடு. கூட்டைக் கலைக்காமல், உதிர்ந்ததைத்தான் எடுக்கலாம் என்பது அவர்களே வகுத்த விதி. தலைமையாசிரியர் முகம் சுளித்தார், ‘குப்பை’ என்றார். பாம்புச்சட்டையைக் கண்டதும் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

கார்த்திகையில் ஒருநாள், ஆடு மேய்ப்பவரின் மகன் ஒரு கொடியைக் கொண்டுவந்தான். தீப்போலச் சிவந்து, அடியில் மஞ்சள் தீட்டி, இதழெல்லாம் மேல்நோக்கி வளைந்த பூ. ‘‘என்னப்பா இது?’’ என்றோம்.

‘‘கண்வலிக் கெழங்கு சார். வேலியில கெடக்கும். கெழங்கு வெசம். ஆடு தின்னா செத்துப்போயிடும். நான்தான் பாத்து வெரட்டுவேன்.’’

அது செங்காந்தள்! மகளிர் விரலுக்குக் காந்தளை உவமித்த அழகைத் தேர்வில் நான்கு பக்கம் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவர் நாம். தமிழ்நாட்டின் மலர் அது என்றும் அறிவோம். ஆனால் பூ எதிரே வந்தபோது பெயர் கேட்டு நின்றோம்.

இம்முறை வாய் திறந்தது. ‘‘எனக்கு இது தெரியாதப்பா. அன்று நீ கேட்டதும் எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அதட்டினேன்’’ என்று, வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னோம். பிறகு திமிங்கிலத்தின் விரல் கதையைக் காசுமீரத்தில் தொடங்கிக் கடல்வரை சொன்னோம். அவன் கொடியைப் பெட்டியில் வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டான்:

‘‘அப்ப, நடந்துட்டிருந்தது எதுக்கு சார் தண்ணிக்குள்ள எறங்குச்சு?’’

அடுத்த சனிக்கிழமை அவனும் எம்முடன் எழும்பூருக்கு வந்தான்.