கறுத்துப்போன கொலுசு

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப அம்மாவோட வெள்ளிக் கொலுசை விளக்கின கதைதான் இன்னைக்கு. வீட்டுக்குறிப்பு மாதிரி ஆரம்பிச்சு எங்கெங்கயோ போகும், பொறுத்துக்கங்க :-)

நமக்கு ஊர் அச்சங்குளம். விருதுநகர் மாவட்டம், ஏழாயிரம்பண்ணை பக்கம். எங்க பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை யாரும் ஃபேக்டரின்னு சொல்ல மாட்டாங்க, 'ஆபீஸ்'தான். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். பெங்களூர்ல ரூம்மேட்கிட்ட "எங்கம்மா ஆபீஸுக்குப் போறாங்க"ன்னு சொன்னப்ப, "எந்த கம்பெனி, என்ன ரோல்?"னு கேட்டான். என்னத்தைச் சொல்ல.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். சின்ன வயசுல மெட்டின்னாலே கறுப்புன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். எங்க தெருவுல எல்லார் கால்லயும் அப்படித்தான் இருக்கும். புதுசா கல்யாணமாகி வந்த அக்காங்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் வெள்ளையா இருக்கும், அப்புறம் அதுவும் ஜோதியில ஐக்கியம். ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியிலதான் விஷயம் புரிஞ்சுது. வெள்ளிக்கு ஆக்சிஜன் பெரிய எதிரி இல்ல, கந்தகம்தான். ரெண்டும் சேர்ந்தா மேல படியிற கறுப்பு சில்வர் சல்பைடு. முட்டை, வெங்காயம், ரப்பர் பேண்டுல இருக்கிற கந்தகத்துக்கே வெள்ளி கறுக்கும். பட்டாசு மருந்துல வெடியுப்பு, அலுமினியப் பவுடரோட மூணாவது ஆளு கந்தகம். தெனமும் அதுலயே கெடந்தா என்னாகும்?

கொலுசை அம்மா ஆபீஸுக்குப் போட்டுட்டுப் போகாது. உரசி ஒரு பொறி வந்தா போதுமே. மெட்டியை மட்டும் கழட்ட மனசு வராது.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. கொரோனா புண்ணியத்துல நான் வீட்ல இருந்தே வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். மத்தியானம் மீட்டிங்ல இருக்கேன், ஜன்னல் கம்பி அதிருது. எங்க ஊர்ல சின்னச் சத்தத்துக்கெல்லாம் யாரும் திரும்பக்கூட மாட்டாங்க. அன்னைக்கு ஊரே எந்திரிச்சு ஓடுச்சு. ஹெட்போனைக் கழட்டிப் போட்டுட்டு நானும் ஓடுனேன். எந்த ஆபீஸ்னு தெரியல. அம்மாகிட்ட போன் கெடையாது, உள்ள கொண்டுபோக விடமாட்டாங்க. அந்த விபத்துல மொத்தம் இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. நீங்களும் செய்தியில பாத்திருப்பீங்க.

அம்மா வேற ஆபீஸ். பொழுது சாயற நேரத்துக்கு நடந்தே வந்துச்சு. பச்சைச் சேலை, தலையெல்லாம் புழுதி. ஒண்ணும் பேசல. வாசல் தொட்டியில தண்ணி மோந்து ரொம்ப நேரம் காலைக் கழுவிக்கிட்டே இருந்துச்சு. நான் அந்த மெட்டியையே பாத்துக்கிட்டு நின்னேன்.

அக்கா கல்யாணக் கடன் இருந்துச்சு. அதனால அப்புறமும் ஒன்றரை வருஷம் அதே வேலைக்குப் போச்சு. இதைப் பத்தி இதுக்கு மேல எழுத வரல.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்தத் தீபாவளிக்கு அம்மா கொலுசை வெளிய எடுத்துச்சு. அடுப்புக்கரி மாதிரி இருக்கு. வழக்கம்போல திருநீறைத் தொட்டுத் தேய்க்கப் போன அம்மாவை நிறுத்தி, "இஞ்சினியர் எதுக்கு இருக்கேன்"னு சவுண்டு விட்டேன். தேய்ச்சா கறுப்போட சேர்ந்து கொஞ்சம் வெள்ளியும் போகும். பேஸ்ட் போட்டா இன்னும் மோசம், கீறல் விழும். புளி பித்தளைக்குச் சரி, இந்தக் கறுப்புக்கு வேலைக்கு ஆகாது. வெறும் அழுக்குன்னா பூந்திக்கொட்டைத் தண்ணி போதும்.

நான் பண்ணது இதுதான். பிளாஸ்டிக் டப்பா அடியில அலுமினிய ஃபாயில். அது மேல படுற மாதிரி கொலுசு. ஒரு லிட்டர் நல்ல கொதி தண்ணியில ரெண்டு ஸ்பூன் ஆப்பசோடா, ஒரு ஸ்பூன் உப்பு கலந்து ஊத்தணும். வெள்ளி ஃபாயிலைத் தொட்டுக்கிட்டு இருக்கணும், அதுதான் சூட்சுமம். அலுமினியம் வெள்ளிகிட்ட இருந்து கந்தகத்தைப் பிரிச்சிடும், வெள்ளி திரும்ப வெள்ளியாவே நின்னுடும். அஞ்சு நிமிஷத்துல அழுகுன முட்டை வாடை வரும், பயப்படாதீங்க, ஜன்னலைத் திறந்து வைங்க. அப்புறம் நல்ல தண்ணியில அலசி, பருத்தித் துணியில ஈரம் போகத் துடைக்கணும். கல்லு ஒட்டினது, முத்து, எனாமல் வெச்சது, டிசைனுக்காகவே கறுப்பு ஏத்தினது எதையும் இதுல போட்டுடாதீங்க, அழகே போயிடும்.

வாடை வந்ததும் அம்மா கொல்லையில இருந்து ஓடி வந்துச்சு. "அடுப்பு எரியுதா? மொதல்ல அணை!" அணைஞ்சுதான் இருக்குன்னு காட்டினேன். "அது என்ன பேப்பர்?" "அலுமினியம்மா." முகம் மாறிடுச்சு. "ஏய்யா, அலுமினியமும் கந்தகமுமா? அதுல தண்ணி வேற ஊத்துவியா?" அலுமினியப் பவுடர்ல ஈரம் பட்டா சூடேறும்னு அம்மாவுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எனக்குத் தெரியாது. இது தகடு, பவுடர் இல்ல, வெடியுப்பும் இல்லன்னு புரிய வெச்சேன். ஆனாலும் வாசப்படி தாண்டி உள்ள வரல. கொலுசு வெள்ளையா வெளிய வந்தப்பறம்தான் கையில வாங்கிப் பாத்துச்சு.

எனக்கு ஒரு சந்தேகம். ஆபீஸுக்கே போகாத கொலுசு எப்படி இவ்ளோ கறுத்துச்சு? கால்ல இருக்கிற மெட்டி இப்ப ஓரளவு வெள்ளையாத்தானே இருக்கு? பெட்டியைத் திறந்து பாத்தா, கொலுசைச் சுத்தி வெச்சிருந்தது ஒரு பழைய சேலைத் துணி. பச்சை. எத்தனை தடவை துவைச்சிருந்தாலும் கந்தகம் தண்ணியில கரையாதே, நூலுக்குள்ளயே உக்காந்திருக்கும்.

கொலுசை ஒரு ஜிப் கவர்ல போட்டு, ஈரம் இழுக்க ஒரு சாக்பீஸ் துண்டும் உள்ள வெச்சேன். "இந்தத் துணியைத் தூக்கிப் போட்டுடட்டுமாம்மா?"ன்னு கேட்டேன்.

"அது கெடக்கட்டும்"னு வாங்கி, நாலா மடிச்சு, பெட்டிக்கு அடியில வெச்சுட்டு முறுக்கு சுடப் போயிடுச்சு.