எவர்சில்வரும் என் மருமகளின் கைகளும்

சகோதரிகளே, சமையல் கட்டில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரத்தை நீங்கள் என்றாவது சந்தேகப்பட்டதுண்டா? துருப்பிடிக்காது, உடையாது, தேய்த்து வைத்தால் முகம் தெரியும். பெண்ணுக்குச் சீர் என்றாலே அதுதான் முன்னால் நிற்கும். என் மருமகளும் அடுக்கடுக்காகக் கொண்டுவந்தாள்.

வந்த சில மாதங்களில் அவள் விரல் இடுக்குகளில் கடுகு கடுகாகக் கொப்புளம். இரவெல்லாம் அரிப்பு. கவரிங் தோடு போட்ட காதிலும் புண். லயத்துப் பேச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "சொறி, தொத்திக்கும்" என்றார்கள். திருவிழா அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போன பிள்ளையிடம், "நீ போய் உட்காரம்மா" என்று கத்தியை வாங்கி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் தன் குழந்தைக்குச் சோறு ஊட்டவே தயங்கினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கிளினிக்கில் கடிதம் வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் காட்டினோம். முதுகில் சிறு சிறு ஒட்டுகளை ஒட்டி, 48 மணி நேரம் நனைக்காமல் வைத்திருந்து எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வரச் சொல்லிப் பார்த்தார்கள். ஓர் இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. நிக்கல் என்ற உலோகம் ஒத்துக்கொள்ளவில்லையாம். இது தொற்று நோயே அல்ல, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! ஆனால் ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் இருக்கும், விலகித்தான் நடக்க வேண்டும் என்றும் சொன்னார்.

நிக்கல் எங்கேதான் இல்லை? கவரிங் நகை, ஊக்கு, ஜீன்ஸ் பொத்தான் எல்லாவற்றிலும் இருக்கலாம். நம் நாட்டில் 1967 முதல் வந்த பழைய 10, 20, 50 காசு நாணயங்களில்கூட நாலில் ஒரு பங்கு நிக்கல்தான். மூக்கும் காதும் குத்திக்கொள்வதால் பெண்களுக்கே இந்த ஒவ்வாமை அதிகம். எவர்சில்வரில் 18/8 என்று போட்டிருந்தால், 100க்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்று பொருள்.

இதைப் படித்துவிட்டு வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தோலில் பட்டால்தான் தொல்லை. சாப்பாட்டில் கலப்பதால் கைப்புண் கிளம்புகிறவர்கள் சிலர்தான். எங்கள் பிள்ளை அந்தச் சிலரில் ஒருத்தி. புளியும் தக்காளியும் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் எவர்சில்வரிலிருந்து நிக்கல் குழம்பில் இறங்குகிறது. 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தக்காளிக் குழம்பை வைத்துச் சோதித்தார்கள். புதுப் பாத்திரத்தில் மிக அதிகமாக இறங்கியதாம். ஆறாவது தடவைக்குப் பிறகு குறைந்து ஒரு நிலைக்கு வந்தாலும், பத்தாவது தடவையிலும் அடியோடு நிற்கவில்லை. சீர் வந்த புதுச் சட்டியில் தினமும் மீன் குழம்பு வைத்தால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

இப்போது எங்கள் அடுப்பில் மூன்று வகைதான். புளிக்குழம்புக்கு மண்சட்டி. கோல சிலாங்கூர் பக்கம் நம்மவர்கள் இன்னும் சக்கரத்தில் வனைகிறார்கள். வண்ணப் பளபளப்பு பூசியதை வாங்காதீர்கள், சில பூச்சுகளில் ஈயம் இருக்கும். வறுவல், பொரியல், தோசை எல்லாவற்றுக்கும் வார்ப்பிரும்பு. அதில் புளி ஊற்றினால் கறுத்துப்போய் இரும்பு வாடை அடிக்கும், வேண்டாம். பாட்டி காலத்து எனாமல் சட்டியும் மங்கும் பால், ரசத்துக்கு. சில்லு பெயர்ந்ததை ஒதுக்கிவிடுங்கள். அலுமினியத்தில் நிக்கல் பயம் அதிகமில்லை என்றாலும் புளிப்பு அதை அரிக்கும், எனக்கு அது பிடிக்காது.

எவர்சில்வர்தான் வேண்டும் என்றால் 18/0 என்று கேட்டு வாங்குங்கள். அதில் நிக்கல் இல்லையென்றே சொல்லலாம். கடைக்கு ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் போங்கள். பாத்திரத்தின் பக்கச் சுவரில் வைத்துப் பாருங்கள், அடியில் வேண்டாம். இன்டக்‌ஷன் அடுப்புக்காக அடியில் மட்டும் காந்தம் ஒட்டும் தகடு வைத்திருப்பார்கள். சுவரில் 'டக்'கென்று ஒட்டினால் 18/0 ஆக இருக்கும். 18/8 விளிம்பு வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும், அதை நம்பாதீர்கள். நிக்கல் முலாம் பூசிய இரும்பிலும் காந்தம் ஒட்டும். சிமெண்ட் வேலை செய்து குரோமியம் ஒத்துக்கொள்ளாமல் போனவர்களுக்கு இந்த 18/0 தீர்வாகாது. என்ன ஒவ்வாமை என்று தெரிந்துகொள்ள முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும். பால் வெட்டுகிறவர்கள் கையில் வரும் அரிப்புக்கு ரப்பர் பாலோ அதை உறைய வைக்கும் திராவகமோகூடக் காரணமாக இருக்கலாம்.

பாத்திரத்தை மாற்றியதும் எல்லாம் பறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். முந்திரி, நிலக்கடலை, பருப்பு, தௌஹு, கோக்கோ இவற்றில் இயற்கையாகவே நிக்கல் அதிகம். சட்டியிலிருந்து வருவதைவிடச் சாப்பாட்டிலிருந்து வருவதே பெரும்பாலும் கூடுதல். டாக்டர் சொன்னபடி அளவாகச் சாப்பிடுகிறாள். சோப்புத் தண்ணீரில் கை ஊறினால் புண் திரும்புகிறது, அதனால் பாத்திரம் கழுவுவது என் மகனுடைய வேலை. முதலில் முணுமுணுத்தான், இப்போது பழகிவிட்டது.

சீர்ப் பாத்திரங்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். ஒன்றையும் விற்கவில்லை. உலர்ந்த சாமானுக்கு எவர்சில்வரால் கெடுதலில்லை. பெரிய அடுக்கில் அரிசி, அடுத்ததில் சீனி, தூக்குச் சட்டியில் வற்றல் மிளகாய். அவள் அம்மா வந்தால் முதலில் அந்த அலமாரியைத்தான் பார்க்கிறார்.