முந்தி எழுதியது பிந்தி வந்தால்

கணனிகள் பல ஒன்றோடொன்று செய்தி பரிமாறி ஒரு பணியை முடிக்கும் விதத்தைத் தாளில் வரைந்து காட்டும் முறையொன்று உண்டு. ஒவ்வொரு கணனிக்கும் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கீழே போகப் போக நேரம் கழிகிறது. ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்குச் செல்லும் அம்பு ஒரு செய்தி. இதனைச் செய்தி வரிசைப் படம் என்போம். அம்பைச் சரிவாக வரைதல் நன்று. ஏனெனில் செய்தி போய்ச்சேர நேரமெடுக்கும்.

இதனை எமது பெற்றோருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30இல் தொடங்கிய யாழ்ப்பாண இடப்பெயர்வின் பின்னர், மொன்றியலில் இருந்த எமக்குத் திகதியிடாத இரு கடிதங்கள் கிடைத்தன. "வீடு திரும்பிவிட்டோம்" என்றது முதலில் வந்தது. "சாவகச்சேரிக்குப் போகிறோம்" என்றது பின்னால் வந்தது. மறுபடியும் ஓட்டமோ என்று கலங்கினோம். உண்மையில் அம்புகள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று வெட்டியிருந்தன. அதன்பின் கடிதங்களுக்கு இலக்கமிட்டோம். "உங்கள் 4ஆம் கடிதம் கிடைத்தது" என்று ஒரு மடல் சொன்னால், அம்மடல் நாலாவதற்குப் பிந்தியது என்பது திண்ணம்.

அமெரிக்க அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1978இல் வெளியிட்ட கட்டுரையின் கருத்தும் ஏறக்குறைய இதுவே. வெவ்வேறு கணனிகளின் கடிகாரங்கள் முற்றாக ஒத்துப்போவதில்லை. ஆகவே ஒவ்வொரு செய்தியும் ஓர் எண்ணைச் சுமந்து செல்லட்டும். பெறும் கணனி அதனிலும் பெரிய எண்ணிலிருந்து தன் கணக்கைத் தொடரட்டும் என்றார் அவர்.

படம் வரையும் மென்பொருள்கள் இன்று பல. 2009இல் வெளிவந்த பிளான்ட்யூஎம்எல் என்பதில் சில வரிகளைத் தட்டச்சுச் செய்தாலே படம் வந்துவிடும். அழகாகவும் இருக்கும். ஆயினும் ஒரு படம் காட்டுவது ஒரேயொரு நிகழ்வை. பெரும்பாலும் எல்லாம் நல்லபடி நடந்த நிகழ்வை. எமது மதிப்புக்குரியது வேறு வகைக் கருவி. பெல் ஆய்வுகூடத்தில் ஜெரார்ட் ஹோல்ஸ்மன் உருவாக்கிய ஸ்பின், நாம் எழுதிக்கொடுக்கும் மாதிரியில் செய்திகள் எவ்வெவ்வாறு முன்பின்னாகலாம் என்று தேடிப்பார்க்கிறது. பிழை கண்டால், அந்தப் பிழை விளைந்த வழியைச் செய்தி வரிசைப் படமாகவே காட்டுகிறது.

நமது நகரின் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் வி. எஸ். அழகர் குழுவினர் இத்துறையில் உழைத்தனர். குறித்த நேரத்துக்குள் பதிலளிக்கவேண்டிய அமைப்புகளுக்காக அவர்கள் உருவாக்கிய கருவித் தொகுதி ட்ரொம்லாப். 1998இல் அழகரும் கே. பெரியசாமியும் மென்பொருளைத் துல்லியமாக விவரிப்பது பற்றி ஒரு நூலும் எழுதினர். பெயர்களைக் கேட்டதும் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரக்கூடும்!

இத்துறையினர் அடிக்கடி எடுத்தாளும் உதாரணம் புகையிரதக் கடவை. மாணவர்களே, வரைந்து பாருங்கள். தண்டவாளங்கள் இரண்டு, கடவைக் கதவு ஒன்று. ஒவ்வொரு வண்டியும் "வருகிறேன்", பின்னர் "போய்விட்டேன்" என்று சொல்லும். முன்னதைக் கேட்டால் கதவு மூடும். பின்னதைக் கேட்டால் திறக்கும். இரண்டு வண்டிகளின் நான்கு செய்திகளும் ஆறு வரிசைகளில் வரலாம். அவற்றுள் எத்தனையில், ஒரு வண்டி வந்துகொண்டிருக்கும்போதே கதவு திறக்கிறது?