மூன்று காலங்கள் பிறந்த ஊர்

கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று பள்ளி நாள் முதல் ஒப்பித்து வருகிறோம். பகலும் இரவும் போல இவையும் இயற்கையிலேயே அமைந்தவை என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் இவற்றுக்குப் பிறந்த ஊர் ஒன்று உண்டு. பிறப்பித்தவர் ஒருவரும் உண்டு. வரலாறு பயிலும் எனக்கு அந்த ஊரைக் காணும் வாய்ப்புச் சென்ற கோடை விடுமுறையில் கிட்டியது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் பொறியாளராகப் பணிபுரியும் என் சித்தப்பா, "இரண்டு நாள் கோபன்ஹேகன் போய் வருவோம், அங்கே எதைப் பார்க்க ஆசை?" என்று கேட்டார். தேசிய அருங்காட்சியகம் என்றேன். கடலோரத்தில் அமர்ந்திருக்கும் கடற்கன்னிச் சிலையைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தார் போலும்!

டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம் 18-ஆம் நூற்றாண்டில் இளவரசருக்காக எழுப்பிய மாளிகை ஒன்றில் அமைந்துள்ளது. தரைத்தளத்தில் நுழைந்தால் காலம் அறை அறையாக நகர்கிறது. முதலில் பனிக்காலம் விலகிய நிலம். அங்கே மாபெரும் காட்டெருது ஒன்றின் எலும்புக்கூடு நிற்கிறது. அதன் விலா எலும்புகளில் அம்பு பாய்ந்த தடங்களைக் காட்டியிருக்கிறார்கள். அடுத்து, தீட்டி வழவழப்பாக்கிய கற்கோடரிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. சித்தப்பாவுக்குப் பொறுமை குறையத் தொடங்கியது. "இந்தக் கல்லைப் பார்க்கவா அஞ்சு மணி நேரம் ரயிலில் வந்தோம்?" என்றார்.

சூரியத் தேரின் முன் வந்ததும் அவர் வாயடைத்து நின்றுவிட்டார். இரண்டடி நீளங்கூட இல்லை. ஆறு சக்கரங்கள், முன்னே ஒரு வெண்கலக் குதிரை, அதன் பின்னே நிமிர்ந்து நிற்கும் வட்டத் தகடு. தகட்டின் ஒரு முகத்தில் பொன் போர்த்தியிருக்கிறது; மறுமுகம் வெறும் வெண்கலம். பகலில் கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் சூரியன் பொன்முகம் என்றும், இரவில் திரும்பி வருவது இருண்ட முகம் என்றும் விளக்குகிறார்கள். கி.மு. 1400 அளவில் வார்த்தது. 1902-இல் டிரண்ட்ஹோம் என்னும் சதுப்பு நிலத்தை முதன்முறையாக உழுதபோது ஏர்முனையில் தட்டுப்பட்டதாம்.

நெடுநேரம் பார்த்துவிட்டுச் சித்தப்பா, "இந்த நாட்டில் செம்புச் சுரங்கம் உண்டா?" என்று கேட்டார். பொறியாளர் கேள்வி! உண்மையில் டென்மார்க்கில் செம்பும் இல்லை, வெள்ளீயமும் இல்லை. வெண்கலத்துக்கு வேண்டிய உலோகம் அத்தனையும் தெற்கே தொலைநாடுகளிலிருந்து வந்தது. தங்கள் கடற்கரையில் ஒதுங்கும் ஆம்பர் என்னும் பொன்னிறப் பிசின்கல்லைக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். பின்னால் வந்த இரும்புதான் அவர்கள் சொந்த மண்ணில், சதுப்பு நிலத் தாதுவாகக் கிடைத்தது. அவர்கள் பெயர்பெற்ற வெண்கலக் காலமே இறக்குமதிச் சரக்கில் எழுந்தது என்பதை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

இனி, பிறப்பித்தவரைப் பற்றி. அங்கே 1639-இலும் 1734-இலும் ஒரே சிற்றூரில் கிடைத்த இரண்டு பொற்கொம்புகள் அரசரின் காட்சிக்கூடத்தில் இருந்தன. 1802-இல் ஒருவன் அவற்றைத் திருடி உருக்கியே விட்டான். இன்று நாம் காண்பவை மாதிரிகளே. நாடு திடுக்கிட்டது. தொல்பொருள்களைக் காக்க 1807-இல் ஒரு குழு அமைந்தது. அதன் செயலாளராக 1816-இல் வந்தவர் கிறிஸ்டியன் தாம்சன். வணிகர் மகன், நாணயங்கள் சேர்த்துப் பழகியவர். அவர் முன் குவிந்து கிடந்தவை ஆண்டும் பெயரும் அறியாத கத்திகள், கோடரிகள், வளையங்கள், பானைகள். எழுத்துச் சான்று எதுவும் அவ்வளவு பின்னே எட்டாது. எதை முன் வைப்பது, எதைப் பின் வைப்பது?

கல், வெண்கலம், இரும்பு என்ற வரிசையை அவருக்கு முன்பே சிலர் ஊகமாகச் சொன்னதுண்டு. தாம்சன் அதைப் பொருள்களைக் கொண்டு நாட்டினார். ஒரே புதைகுழியில் எவையெவை சேர்ந்து கிடந்தன, அவற்றின்மேல் என்ன கோலம் வரைந்திருந்தது என்று பார்த்தார். வெண்கல வளையல் இருப்பதனால் மட்டும் ஒரு குழி வெண்கலக் காலத்ததாகிவிடாது. அதனருகே இரும்புக் கத்தி கிடந்தால் அது பிந்தியது. இப்படி அடுக்கி 1819-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார். 1836-இல் ஒரு கையேடாகவும் வெளியிட்டார். உலகம் முழுவதும் பரவியது அந்த அடுக்குதான்.

இங்கேதான் எனக்கு நம் ஊர் நினைவு வந்தது. தென்னிந்தியாவில் தனியே வெண்கலக் காலம் ஒன்று இல்லை. கல்லை அடுத்து இரும்பு வந்தது என்று நம் பாடநூலே ஒரு வரியில் சொல்கிறது. சொல்லிவிட்டு, ஏதோ நாம் ஒரு வகுப்புப் படிக்காமல் தாண்டி வந்தவர்கள் போல அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது! ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது அழகிய வெண்கலக் கலங்களும் இரும்பு வேல்களும் ஒரே இடுகாட்டில்தான் கிடைத்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். சிவகளையில் அது கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. பின்னதைப் பற்றி அறிஞர்கள் வாதிட்டு வருகிறார்கள், வாதிடட்டும். மயிலாடும்பாறைக் கணக்கை மட்டும் கொண்டாலும், டேனியர் சூரியத் தேரை வார்ப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே இரும்பு புழங்கியிருக்கிறது. அவர்கள் இரும்புக் காலம் தொடங்குவதோ கி.மு. 500 அளவில். தாம்சன் திருநெல்வேலிச் சீமையில் பிறந்திருந்தால் காலங்கள் இரண்டோடு நின்றிருக்கும். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு நாமும் வேறு விடை எழுதியிருப்போம்.

தாம்சனைக் குறை கூற நான் முன்வரவில்லை. தம் நாட்டு மண்ணைக் கேட்டு, அது சொன்னதை எழுதினார். அவர் கேட்ட விதத்தை விட்டுவிட்டு, அவருக்குக் கிடைத்த விடையை மட்டும் நாம் மனப்பாடம் செய்கிறோம். எனக்கு உறுத்தியது அதுதான்.

மறுநாள் வட்டக் கோபுரத்துக்குப் போனோம். 1642-இல் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் கட்டி முடித்தது. நம் தரங்கம்பாடியில் டேனியர் கால் ஊன்றத் தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-இல் உடன்படிக்கை செய்துகொண்டது இந்த மன்னரோடுதான். கோபுரத்தை ஒட்டி ஒரு கிறித்தவக் கோவில். அதன் மேல்தளத்தில்தான் தாம்சனின் முதல் காட்சிக்கூடம் இருந்தது. மேல்தளத்துக்கு வழி கோபுரத்தின் வழியேதான். உள்ளே படிக்கட்டு இல்லை. செங்கல் பாவிய சரிவுப் பாதை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. பொருள்களை மண்ணில் கண்டெடுப்பவர்கள் உழவர்களே என்பதனால், அவர்களைத் தாமே அழைத்துச் சென்று காட்டுவது தாம்சனின் வழக்கமாம். உழுதபோது கிடைத்த வெண்கலத் துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒருவர் இந்தச் சரிவில் மூச்சு வாங்க ஏறி வருவதை நினைத்துப் பார்த்தேன். வாங்கிப் பார்த்ததும் தாம்சன், "இதோடு சேர்ந்து வேறு என்ன கிடந்தது?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார். சித்தப்பா அதற்குள் உச்சிக்குப் போய், நகரத்துக் கூரைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.