நிமிர்ந்த தகடுகள்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

ஜவ்வாது மலையின் அடிவாரம் என்பதால் ஆலங்காயம் எப்போதும் குளுகுளுவென்று இருக்கும் என்று நண்பர்கள் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கத்திரி வெயிலில் ஒரு நாள் வந்து தங்கிப் பார்த்தால் அந்த எண்ணம் ஆவியாகிவிடும். மேலே காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர்த் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு வானியலார் நட்சத்திரம் பார்க்கிறார்கள். மலைக்காற்று அவர்களுக்கு, அனல் எங்களுக்கு.

இந்த அனலை எல்லாரும் வியர்த்துக் கடந்துவிடுகிறோம். என் அப்பாவால் அது முடியாது. 2021-இல் புளி உலுக்க மரமேறியவர் விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டார். வேலூரை அடுத்த பாகாயத்தில், டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தில் சில மாதங்கள் இருந்தோம். (அந்த அம்மையார் தாமே விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி மருத்துவம் பார்த்தவர்.) அங்கேதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. தண்டுவடத்தின் மேற்பகுதியில் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்திற்குக் கீழே வியர்வை சரியாகச் சுரப்பதில்லை. வெயில் ஏறினால் உடம்பும் கூடவே ஏறும். காய்ச்சல் இல்லாமலே காய்ச்சல்போலக் கொதிக்கும். ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே இருக்கவேண்டும். அம்மா இரண்டு கோடைகளை அப்படித்தான் ஓட்டினாள்.

மூன்றாவது கோடைக்கு மாமா வாணியம்பாடியில் ஒரு டன் ஏ.சி. ஒன்றைப் பழையதாக வாங்கிக் 'குட்டியானை'யில் ஏற்றி அனுப்பினார். வண்டியில் கட்டிய கயிறு, வெளியே வைக்கும் பெட்டியின் முதுகில் அழுந்தி, கண்டென்சர் தகடுகளைப் பாய்போலப் படுக்கவைத்திருந்தது. மாட்ட வந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, "காயிலையே மாத்தணும் தம்பி" என்று ஒரு தொகை சொன்னார். அது அம்மா இரண்டு மாதம் பீடி சுற்றினால் வரும் கூலி.

வகுப்பில் வெப்ப இயக்கவியல் படித்தவன் என்ற முறையில் நான் அந்தத் தகடுகளை உற்றுப் பார்த்தேன். அறையில் உறிஞ்சிய சூட்டைக் குளிர்பொருள் சுமந்து வந்து செப்புக்குழாய்களில் இறக்குகிறது. குழாயின் மேற்பரப்பு கொஞ்சம்தான். அதைப் பலமடங்கு பெருக்கத்தான் இந்த அலுமினியத் தகடுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம். அவை படுத்துவிட்டால் இடையே காற்றுப் போகாது, சூடு வெளியேறாது, கம்ப்ரசர் மூச்சு முட்டும், மின் கட்டணம் ஏறும், அறையோ குளிராது. அப்பாவின் உடம்பில் நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதுதானே என்று அப்போது தோன்றியது. (1902-இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் முதன்முதலாக இத்தகைய ஏற்பாட்டைச் செய்தது மனிதனுக்காக அல்ல, ஈரக்காற்றில் அச்சகத்துக் காகிதம் விரிந்து, வண்ணங்கள் பிசகின என்பதற்காக!)

இதற்கென்றே பல்வைத்த சீப்பு விற்கிறார்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை தகடுகள் என்று எண்ணி, அதற்கேற்ற பல்வரிசையைப் பார்த்து வாங்கவேண்டும். எங்களுடையதில் பதினான்கு. சீப்பு வந்துசேர நான்கு நாளாகும் என்றார்கள். அம்மாவின் பேன் சீப்பை வைத்துப் பார்த்தேன். பல் மிக நெருக்கம், நுழையவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு.

சீப்பு வந்த அன்று, மெயினை அணைத்துவிட்டு, மென்மையான தூரிகையால் தகடுகளின் நீளவாக்கில் தூசியைத் தட்டினேன். குறுக்கே தேய்த்தால் நிற்கும் தகடும் படுத்துவிடும். பிறகு நன்றாக இருக்கும் இடத்தில் சீப்பை நுழைத்து, மெல்லக் கீழ்நோக்கி, படுத்த இடத்திற்குள் இழுத்துக்கொண்டு போகவேண்டும். ஆழமாகக் குத்தக் கூடாது. உள்ளே செப்புக்குழாய் குறுக்கே ஓடுகிறது. அதில் ஓட்டை விழுந்தால் வாயு போய்விடும். எங்கள் பெட்டியில் இருப்பது தீப்பற்றக்கூடிய ஆர்-32 வேறு. ஒரே தகட்டை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அலுமினியம் இறுகி ஒடிந்துவிடும். விளிம்போ சவரத்தகடுதான். கையுறை போட்டிருந்தேன்.

இரண்டு காலைப்பொழுதுகள் ஆயின. உள்ளே கட்டிலிலிருந்து அப்பா, "என்னடா, இன்னுமா தலை சீவுற? கல்யாணத்துக்கா கிளம்புது?" என்றார். விழுந்த பிறகு அவர் கேலி பேசுவது அரிதாகிவிட்டிருந்தது. நான் சீவுவதை விட்டுவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாட்டி ஓடவிட்டு ஒரு சோதனை செய்தேன். விசிறி, காற்றைத் தகடுகள் வழியே உள்ளிழுக்கும். ஆகவே தினத்தாளில் கிழித்த ஒரு துண்டைப் பின்புறம் வைத்தால், காற்றுப் போகும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அடைத்த இடத்தில் விழுந்துவிடும். மேலிருந்து கீழாக நகர்த்தினேன். கயிறு அழுந்திய இடம் முழுவதும் ஒட்டியது.

கீழ்மூலையில் மூன்று விரல் அகலத்திற்குத் தகடுகள் கிழிந்தே போயிருந்தன. அங்கே காகிதம் விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அப்பாவின் அக்குளில் வெப்பமானியை வைத்தாள் அம்மா. 98.4. ஈரத்துணியைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, பல நாளைக்குப் பிறகு பகலில் தூங்கினாள்.