திரையில் கண்ட திருமுகம்

கொட்டாஞ்சேனையில், புனித லூசியா பேராலயத்துக்குச் சற்றுத் தொலைவில் உள்ள ஒரு சிறிய மாடிவீட்டின் முன்னறைச் சுவரில் இயேசுநாதரின் படமொன்று நெடுங்காலமாகத் தொங்குகின்றது. நீண்ட கூந்தல், மெலிந்த முகம், பார்ப்பவரை விட்டு அகலாத நீலக் கண்கள். மன்னார் மாவட்டத்துப் பேசாலையிலிருந்து 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து வந்த மூதாட்டி ஒருவர், நாள்தோறும் மாலையில் அப்படத்தின் முன் விளக்கேற்றிச் செபமாலை சொல்லி வருகின்றார். அவருடைய பேர்த்தி ஒரு பல்கலைக்கழக மாணவி. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று அப்படத்தைப் பற்றி அவள் அறிந்துகொண்ட உண்மையும், அதனை அம்மம்மாவிடம் சொல்வதா, விடுவதா என்று அவள் பட்ட தவிப்புமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

அன்று கோயில் வழிபாடு முடிந்தபின் அவள் வெள்ளவத்தையில் தோழியின் வீட்டுக்குச் சென்றிருந்தாள். அது சைவக் குடும்பம். பிராங்கோ செபிரெல்லி 1977இல் தொலைக்காட்சிக்காக இயக்கிய 'நாசரேத்தூர் இயேசு' தொடரின் இறுதிப் பகுதி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக நாற்காலியில் சாய்ந்திருந்து நாடகங்கள் பார்க்கும் தோழியின் பெரியம்மா அன்று நிலத்தில் இறங்கி அமர்ந்திருந்தார். ஆணி அறையப்படும் ஓசை கேட்டபோது அவர் தலையைக் குனிந்து, "முருகா" என்றார். அழைக்கப்பட்ட பெயர் வேறாயினும் அழைத்த உள்ளம் உண்மையானது என்பதில் பேர்த்திக்கு ஐயமிருக்கவில்லை. ஆனால் அவளைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. திரையில் தெரிந்த முகமும் வீட்டுச் சுவரில் தொங்கும் முகமும் ஒன்றே! இயேசுவாக நடித்த றொபேட் பவல் என்ற ஆங்கில நடிகரின் தோற்றம் உலகின் பல பாகங்களிலும் வழிபாட்டுப் படமாகப் பரவியிருந்தது. அவற்றுள் ஒன்றுக்கே அம்மம்மா இத்தனை ஆண்டுகளாக விளக்கேற்றி வந்திருக்கிறார்.

திரையைக் கண்டு கைகூப்புவதைப் பாமரரின் மயக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. 1910ஆம் ஆண்டளவில் பம்பாயில் கிறிஸ்துவின் வாழ்க்கையைக் கூறும் மௌனப் படமொன்றைப் பார்த்த தாதாசாகெப் பால்கேயின் மனக்கண்ணில் கண்ணனும் இராமனும் தோன்றினர். அந்த அனுபவத்தின் விளைவே 1913இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'. இந்திய நாட்டின் கதைப்படக் கலைக்கு, கிறிஸ்துவைத் திரையில் கண்ட ஓர் இந்துவின் பக்தியுணர்வும் ஊற்றாக அமைந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பால்கேயின் 'லங்கா தகனம்' 1917இல் காட்டப்பட்டபோது, இராமன் திரையில் தோன்றியதும் பார்வையாளர் காலணிகளைக் கழற்றினர் என்பர். திருப்பதிக்குச் சென்ற யாத்திரிகர்கள் சென்னைக்கும் வந்து, திரையில் தெய்வமாக நடித்த என். ரி. ராமராவைக் கண்டு சென்றதும் யாவரும் அறிந்ததே. காண்பதும் காணப்படுவதும் வழிபாடாக உள்ள மண்ணில், திரையும் ஒரு சந்நிதியாகிவிடுவது வியப்பன்று.

கிறிஸ்தவ மரபிலோ இவ்விடயத்தில் நெடுநாளைய தயக்கம் இருந்து வந்துள்ளது. மனிதன் ஒருவன் ஆண்டவரின் வேடம் தாங்கலாமா என்பதே அத்தயக்கம். 1959இல் வெளிவந்த 'பென்ஹர்' திரைப்படத்தில் இயேசு வருகிறார். அவர் முகம் மட்டும் காட்டப்படவில்லை. பின்னர் தயக்கம் மெல்ல நீங்கியது. 'பாசமலர்' இயக்கிய பீம்சிங்கின் 'கருணாமயுடு' என்ற தெலுங்குப் படம் 1978இல் வெளிவந்தது. அதில் இயேசுவாக நடித்தவர் விஜயசந்தர். தமிழ் பேசும் மக்களிடம் அப்படம் 'கருணாமூர்த்தி' என்ற பெயரில் வந்து சேர்ந்தது. லூக்கா நற்செய்தியைத் தழுவி 1979இல் எடுக்கப்பட்ட 'இயேசு' என்ற ஆங்கிலப் படம் இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பேசுகின்றது. அவற்றுள் தமிழும் ஒன்று.

எல்லாக் காட்சிகளையும் எல்லாராலும் பார்க்க முடிவதில்லை என்பதும் உண்மை. மெல் கிப்சனின் 2004ஆம் ஆண்டுப் படம் அம்மம்மாவின் வீட்டில் ஒருமுறை போடப்பட்டது. கசையடிக் காட்சி தொடங்கியதும் அவர் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். "இரத்தம் கண்டது காணும்" என்பதே அவர் சொன்ன காரணம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், அயலிலுள்ள கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அதன்பின் அப்படத்தை அவ்வீட்டில் எவரும் தேடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ஒருவகைச் செபம்தான் போலும்.

இனி, பேர்த்தியின் தவிப்புக்கு வருவோம். படத்தின் உண்மையை மறைப்பது அம்மம்மாவைச் சிறுபிள்ளையாக எண்ணுவதாகும். சொன்னாலோ அவருடைய விசுவாசம் குலைந்துவிடக்கூடும். பார்ப்போரின் விசுவாசத்தைக் குறித்து இத்தகைய அச்சம் கொள்வது அவள் மட்டுமல்லள். 2006இல் கத்தோலிக்க ஆயர்களின் வேண்டுகோளை ஏற்று, 'த டாவின்சி கோட்' திரைப்படத்தை இலங்கையில் காட்டுவதற்கு அரசு தடை விதித்தது. மதத்தின் மாண்பு காக்கப்படவேண்டும் என்ற கவலை விளங்கிக்கொள்ளத்தக்கதே. எனினும், திரையில் காண்பதையும் தாம் நம்புவதையும் வேறுபடுத்தி அறிய மக்களால் இயலாது என்ற எண்ணமும் அதனுள் மறைந்திருக்கவில்லையா?

மூன்றாம் நாள் மாலை, விளக்கேற்றிய வேளையில் அவள் சொல்லிவிட்டாள்.

"அம்மம்மா, இது இயேசுவின்ர படமில்லை. இங்கிலிஷ் நடிகர் ஒருத்தற்ற படம்."

அம்மம்மா படத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவற்ற முகத்தை ஆர் பிள்ளை கண்டது? பேசாலையில பாஸ் காட்டேக்க உடக்கை ஆட்டுறது ஆரெண்டு எங்களுக்குத் தெரியாதே? எல்லாம் எங்கட பொடியள்தான். தெரிஞ்சுகொண்டுதானே அழுதனாங்கள்."

தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை, ஆளளவான உடக்கு உருவங்களைக் கொண்டு காட்டும் உடக்குப் பாஸ் பேசாலையின் பழைய மரபு. ஆட்டுவிப்பவன் அயல்வீட்டுப் பையன் என்பது ஊரறிந்த செய்தி. அந்த அறிவு கண்ணீருக்குத் தடையாக இருந்ததில்லை. திரையின் முன் கைகூப்புவோரும் ஏமாந்து கைகூப்புவதில்லை. நடிகனை நடிகன் என்று அறிந்தே, அவனூடாக அப்பால் நோக்குகின்றனர். நூல்களில் தேடிய விடை அவளுக்கு விளக்கடியிலேயே கிடைத்துவிட்டது.

"அந்தப் பொடியன் இப்பவும் இருக்கிறானே?" என்று அம்மம்மா கேட்டார்.

"ஓம், கிழவனாப் போனார்."

"அப்ப அவனுக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவம்."

படம் இன்றும் அதே சுவரில்தான் இருக்கிறது. எனினும் பேர்த்தியின் உள்ளத்தில் ஒரு கேள்வி எஞ்சியுள்ளது. உடக்கை ஆட்டியவர்கள் ஊர்ப்பிள்ளைகள். உலகமெங்கும் பரவிய திருமுகமோ நீலக் கண்களையுடையது. தம் நிறத்தையும் முகவெட்டையும் தெய்வத்தில் ஒருபோதும் கண்டிராத பிள்ளைகள் தம்மைப் பற்றி என்ன எண்ணி வளர்வர்? இதனை அவள் அம்மம்மாவிடம் கேட்கவில்லை. விசுவாசத்தைப் பற்றிய ஐயத்துக்கு மூத்த தலைமுறை விடை சொல்லிவிட்டது. முகத்தைப் பற்றிய இந்த ஐயத்துக்கு விடை தேடவேண்டியது அவளுடைய தலைமுறையின் கடன்.