வாய்ச்சொல்லில் வந்த ஓர் ஏக்கர்

கொல்லிமலை வளப்பூர் நாட்டில் ஒரு காட்டைக் காட்டி, ‘இது யாருடையது?’ என்று கேட்டால், பெயர் மட்டும் பதிலாக வராது. யாருடைய பாட்டன் திருத்திய காடு, எந்தப் பலா மரம் வரை எல்லை, எந்த ஓடைக்கு அந்தப் பக்கம் பங்காளி வீட்டு நிலம் என்று முழுக் கதையும் வரும். அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கும் இந்த நாட்டில், மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக நிலத்தை இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் அது போதும். தாலுகா ஆபீஸில் போதாது.

இதை 54 வயதில் தெரிந்துகொண்ட பெண் விவசாயி ஒருவர் அங்கே இருக்கிறார். 23 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் முன்னால், சரிவுக் காட்டில் ஓர் ஏக்கரைக் காட்டி, “இது உனக்கு, பிழைச்சுக்கோ” என்றார் அப்பா. எழுத்து எதுவும் இல்லை. அன்று யாரும் எழுத்தைக் கேட்கவும் இல்லை.

முதல் சில வருடங்கள் சாமை, ராகி. பிறகு மரவள்ளி. கிழங்கு லாரியேறி மலைக்குக் கீழே சேகோ ஆலைக்குப் போனது. அந்தக் காசில் சில்வர் ஓக் நட்டு, மிளகுக் கொடி ஏற்றி, இடையில் காபி வைத்தார். சாமை விதைத்த காலம் வரை அந்தக் காட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மிளகு காய்க்கத் தொடங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்காக அக்கம்பக்கத்தில் தங்கும் விடுதிகள் எழும்பிய பிறகுதான் பேச்சு வந்தது. கீழ்நாட்டுக்காரர் ஒருவர் ரோட்டோரமாக நிலம் கேட்கிறார் என்றான் அண்ணன் மகன்.

அண்ணன் சண்டை போடவில்லை. “நீ இருந்துக்கோம்மா, யாரு போகச் சொன்னா? ஆனா பட்டாவுல உன் பேரு இல்லையே” என்றார். உண்மையில் பட்டாவில் அண்ணன் பெயரும் இல்லை. 40 வருடத்துக்கு முன் இறந்துபோன தாத்தாவின் பெயர்தான் இன்னும் இருந்தது. பிரதமரின் கிசான் திட்டத்தில் வருடம் 6,000 ரூபாய் பலருக்கு வருகிறது. 30 வருடமாக மண்ணைக் கிளறும் இவருக்கு வராததன் காரணமும் அதுதான்.

போர் முடிந்து வந்த தாள்

பட்டாவில் பெண்கள் பெயர் ஏன் இவ்வளவு குறைவு என்று பார்த்தால், கதை 200 வருடத்துக்கு மேல் பின்னால் போகிறது. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலம் சீமையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. போரில் அடிபட்ட சீமையில் வரி வசூலிக்க அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ முதலானோர் நிலத்தை அளந்தார்கள். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியோடு நேராகக் கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது.

அந்தக் கணக்குக்கு வேண்டியதெல்லாம் வரி கட்டுகிறவர் யார் என்பது. பெரும்பாலும் வீட்டின் மூத்த ஆண் பெயர் ஏறியது. களை எடுத்தவர், விதை காத்தவர் பெயருக்கு அதில் இடமில்லை. வரிக்காக வந்த அந்தத் தாளைத்தான் இன்று கடனுக்கும், மானியத்துக்கும், இழப்பீட்டுக்கும் கேட்கிறார்கள்.

கடலுக்கு அப்பாலும் இதே கேள்வி

இவருடைய மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பக்கத்து மெஷினில் தைக்கும் பெண், இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவர். அந்தப் பெண்ணின் அம்மா, வன்னியில் விட்டுவந்த காணியின் உறுதிப் பத்திர நகலை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறாராம். இலங்கையில் நிலத்தைக் காணி என்றும், பத்திரத்தை உறுதி என்றும் சொல்வார்கள்.

அங்கே 2009-ல் போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் பலரிடம் உறுதி இல்லை. சிலரின் காணியில் வேறொருவர் குடியிருந்தார். அடுத்தவர் நிலத்தை 10 வருடம் தடையில்லாமல் அனுபவித்தவர் உரிமை கோரலாம் என்பது அந்த நாட்டின் பழைய சட்டம். உயிருக்குப் பயந்து ஓடியவர் எப்படி வந்து தடுத்திருப்பார்? அதனால் 2016-ல் ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். ஆயுதக் குழுவின் செயலால் உரிமையைக் கேட்க முடியாமல் போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்த 10 வருடக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது அது. ராணுவத்தின் வசம் இருந்த காணிகளுக்கு இது வழியாகவில்லை. முல்லைத்தீவு மாவட்டம் கேப்பாப்புலவில் 2017-ல் பெண்கள் பிள்ளைகளோடு சாலையோரம் உட்கார்ந்து போராடினார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மகள் போனில் சொன்னது: “பத்திரம் வச்சிருந்தவங்களுக்கே இந்தப் பாடும்மா. நமக்கு ஓடவேண்டிய நிலைமை இல்ல, ஆபீஸ் பக்கத்துலதான் இருக்கு. இன்னும் தாத்தனோட அப்பா பேர்லயே போட்டு வச்சிருக்கோமே.”

சட்டம் எங்கே நிற்கிறது?

மற்ற வீடுகளில் மகளுக்குப் பங்கு தரும் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவிக்காத வரை பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. ‘பழங்குடிப் பெண்ணுக்குச் சொத்தில் உரிமையே இல்லை’ என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். அது முழு உண்மை அல்ல. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. சத்தீஸ்கர் பழங்குடிப் பெண் ஒருவரின் வாரிசுகள் தொடுத்த வழக்கில், பெண் என்பதற்காகப் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனாலும் சட்டம் இன்னும் திருத்தப்படவில்லை. ஒவ்வொரு பெண்ணும் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது.

வன நிலத்தில் பயிர் செய்பவர்களுக்கு வழி வேறு. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பழங்குடியினர் அனுபவித்துவரும் நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். மனு கிராம சபையில் தொடங்கும். திருமணமானவர் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரிலும்தான் உரிமை தர வேண்டும். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வைத்தால் அதையும் சாட்சியமாக ஏற்கிறது இந்தச் சட்டம். ஆனால் ஒரு சாட்சியம் மட்டும் போதாது. பழைய கிணறு, இடுகாடு, கோயில் போன்ற அடையாளங்களையும் சேர்த்துக் காட்டலாம்.

ஆபீஸ் படி ஏறியபோது

இவருடைய ஏக்கர் வன நிலம் அல்ல, பட்டா நிலம். அப்பா வாய்ச்சொல்லாகக் கொடுத்ததைச் சட்டம் தானமாக ஏற்காது. அதற்குப் பதிவான பத்திரம் வேண்டும். அதனால் மகள் என்ற முறையில் வாரிசு உரிமையைக் கேட்பதுதான் சரி என்று இலவச சட்ட உதவி மையத்தில் சொன்னார்கள்.

முதலில் வி.ஏ.ஓ.விடம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்தார். விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அரசு கொடுத்த நிலமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்தது தாத்தாவின் இறப்புச் சான்று. அன்று யாரும் பதியவில்லை. ஓராண்டு கடந்த இறப்பைப் பதியக் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். இதற்கே எட்டு மாதம் ஆனது. பிறகு தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்று. மகள்கள் பெயர் விடுபடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியையும் மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதை வைத்து எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு இ-சேவை மையத்தில் மனு கொடுத்தாயிற்று. தனிப் பட்டா வேண்டுமென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும்.

இடையில் இன்னொரு வேலையும் செய்தார். அப்பா காட்டைக் காட்டிய அன்று கூட இருந்த நான்கு பேரில் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். 80 வயது தாண்டியவர். அவரைக் காட்டுக்கே கூட்டிப்போய், எல்லையை நடந்து காட்டச் சொல்லி, அவர் சொன்னதை பிரமாணப் பத்திரமாக எழுதி, நோட்டரி முன் கைநாட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

நிலம் கேட்டு வந்த கீழ்நாட்டுக்காரர், வாரிசுச் சான்றில் இத்தனை பெயரா என்று பார்த்ததோடு வருவதை நிறுத்திவிட்டார். அண்ணன் இன்னும் பாகப்பிரிவினைக்குக் கையெழுத்துப் போடவில்லை. அவர் முகம் கொடுத்துப் பேசியே நாளாகிறது.

ஆனால் போன மாதம் மிளகு பறிக்கும்போது அண்ணி வந்து கொடி ஓரமாக நின்றார். அவருக்கும் கட்டிக்கொடுத்த பெண்கள் இரண்டு பேர். “ஏன் நங்கே, அந்த வாரிசுச் சான்றுக்கு எங்க எழுதிக் கொடுக்கணும்? எங்கப்பன் வீட்டுலயும் பட்டா இன்னும் தாத்தா பேர்லதான் கிடக்குது” என்றார்.